பாதி மேகம் என்கிறது முன்னறிவிப்பு: இருள்வானப் பயணத்துக்குக் கிளம்பலாமா?

அமாவாசைக்கு நான்கைந்து நாள் இருக்கும்போதே, ஊர் வெளிச்சம் இல்லாத இருட்டில் வானத்தைப் படமெடுக்கக் கிளம்புபவர்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். விடுப்பு சொல்லியாகிவிட்டது, தங்க இடம் பிடித்தாகிவிட்டது, பேட்டரிகள் சார்ஜில் கிடக்கின்றன. முன்னறிவிப்பைத் திறந்தால் மேகம் 50 சதவீதம். ஒரு செயலி தெளிவு என்கிறது, அடுத்தது மழை என்கிறது. "போகலாமா, வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்பார்கள். எதைப் படமெடுக்கப் போகிறார்கள், அதற்கு எவ்வளவு நேரம் வானம் திறந்திருக்க வேண்டும், ஏமாந்தால் கையைவிட்டுப் போவது எது என்ற மூன்றையும் சொல்லாமலே கேட்கிற கேள்வி அது. மேகத்தின் சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் கிளம்பும் நேரம்வரை மதில்மேல் பூனையாக நிற்கிறார்கள்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. திட்டமிட்ட இடத்துக்கே துணிந்து கிளம்பலாம். மேகம் இல்லாத வேறு இடத்துக்குத் திசை மாற்றலாம். நாளைத் தள்ளிப்போடலாம். அல்லது வீட்டிலேயே இருந்து, நகர வானத்தில் எடுக்க முடிந்ததை எடுக்கலாம். எதைத் தேர்ந்தாலும் முதலில் அளவுகோல்களை வைத்துக்கொள்வோம்.

## முதலில் அளவுகோல்கள்

படத்துக்கு எவ்வளவு நேரம் தேவை? என்னைக் கேட்டால் பாதி முடிவு இதிலேயே இருக்கிறது. முன்னால் ஒரு மரமோ பாறையோ, மேலே பால்வீதி என்று எடுக்கும் ஒற்றைப் படத்துக்கு 20 நிமிடத் திறப்பு போதும். அகல லென்ஸில் 15 விநாடி வீதம் இருபது முப்பது ஃப்ரேம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தாலே (ஸ்டாக்) படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் அடங்கிவிடும். துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் பனோரமாவுக்கு அரை மணி நேரம் வேண்டும், அதுவும் தொடர்ச்சியாக. நடுவில் ஒரு மேகத் திட்டு வந்தால் ஒட்டிய இடம் காட்டிக்கொடுத்துவிடும். நட்சத்திரங்களின் நகர்வை வளைகோடுகளாகப் பதிக்கும் நட்சத்திரத் தடப் படம் இன்னும் கறார். இரண்டு மணி நேரம் இடைவிடாத வானம் கேட்கும்; ஐந்து நிமிட மேகம்கூட வளைவுகளில் ஓட்டையாக நிற்கும்.

ஆழ்வானப் படம் இதற்கு நேர்மாறு. தொலைதூரக் கேலக்ஸியோ (விண்மீன் மண்டலம்), நெபுலாவோ (விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசு மேகம்), கணக்கில் சேர்வது மொத்த நேரம்தான். இன்று ஒரு மணி, அடுத்த அமாவாசைக்கு இரண்டு மணி என்று சேர்த்துக்கொண்டே போகலாம். டைம்லாப்ஸ் எடுப்பவருக்கோ மேகமே கதாநாயகன். கோள்களை மட்டும் எடுப்பவர் இந்தக் குழப்பத்துக்குள் வரவே வேண்டாம். வியாழனுக்கும் சனிக்கும் தேவை அசையாத காற்று. அது மொட்டைமாடியிலேயே கிடைக்கலாம்.

அந்த 50 சதவீதம் எதைச் சொல்கிறது? அந்த எண்ணுக்குப் பின்னால் மூன்று வேறுவேறு இரவுகள் இருக்கலாம். இரவு முழுக்க பாதி வானத்தை மூடியபடி மேகம் திட்டுத்திட்டாக நகர்ந்துகொண்டே இருக்கலாம். நள்ளிரவு வரை மூட்டம் போட்டுவிட்டுப் பிறகு துடைத்துவிட்டாற்போல் ஆகலாம். அல்லது முழுத் தெளிவா, முழு மூட்டமா என்பதே வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளுக்குப் பிடிபடாமல், இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் வந்து விழுந்திருக்கலாம். ஆழ்வானக்காரருக்கு முதல் இரவு எரிச்சல், இரண்டாவது இரவு நல்ல லாபம். நட்சத்திரத் தடக்காரருக்கு முதல் இரவில் ஒன்றுமே தேறாது. மூன்றாவது வகை இரவுதான் உண்மையான சூதாட்டம்.

எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க மணிவாரிப் பட்டியல் வேண்டும். ஐரோப்பிய வானிலை மையத்தின் இசிஎம்டபிள்யூஎஃப், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஜெர்மனியின் ஐகான் ஆகிய மாதிரிகளை விண்டி, மீட்டியோபுளூ போன்ற வானிலைத் தளங்களில் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மூன்றும் ஒரே நேரத்தில் மேகம் விலகுவதாகக் காட்டினால் அதை நம்பிப் பெட்டியைக் கட்டலாம். ஒன்று மட்டும் தெளிவு என்றால், நாம் கேட்க ஆசைப்படுவதை அது சொல்கிறது என்பதற்காக அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இசிஎம்டபிள்யூஎஃப் ஒரே முன்னறிவிப்பைத் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 முறை ஓட்டிப் பார்க்கிறது. ஜிஎஃப்எஸ்ஸின் தொகுப்பில் 31. அவை எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைப் பார்த்தால், நடுவில் விழுந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று. இந்த உலகளாவிய மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பார்ப்பவை. இசிஎம்டபிள்யூஎஃப்பின் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், ஜிஎஃப்எஸ்ஸின் கட்டம் சுமார் 13. மலைமுகட்டில் மாலையானால் வந்து உட்காரும் மேகம், பள்ளத்தாக்கில் விடிகாலை நிரம்பும் மூடுபனி இவையெல்லாம் அவற்றின் கண்ணில் படாமலே போகக்கூடும். அந்த இடத்துக்கு அடிக்கடி போய்வருபவரின் அனுபவம் இங்கே எந்தச் செயலியையும்விட மேல்.

என்ன மேகம்? மொத்த மேக அளவைப் பார்க்காமல் தாழ், இடை, உயர் மேகங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பகல் வெயிலில் தரை சூடேறிக் கிளம்பும் பஞ்சு மேகம் பெரும்பாலும் சூரியன் சாய்ந்ததும் கரையத் தொடங்கும். மாலை நான்கு மணிக்கு வானம் பாதி நிறைந்திருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. தட்டையாகப் பரவும் தாழ் மேகம் அப்படியல்ல. இரவில் தரை குளிரக் குளிர இன்னும் கெட்டியாகும். உயரத்தில் மெல்லிதாகப் பரவும் பனித்துகள் மேகமோ பெரிய ஏமாற்றுக்காரன். கண்ணுக்கு வானம் தெளிவாகத்தான் தெரியும், படத்தில் பார்த்தால் ஒவ்வொரு பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரு ஒளிவட்டம். ஓரியன் விண்மீன்குழுவை அகல லென்ஸில் எடுப்பவர்கள் சிலர் அந்த வட்டத்தை விரும்பியே எடுப்பார்கள், ஏனென்றால் நட்சத்திரங்களின் நிறம் பளிச்சென்று தெரியும். மங்கலான கேலக்ஸியைத் தேடிப் போனவருக்கு அது வீண் இரவு.

தவறவிட்டால் மறுபடி வருமா? ஆண்ட்ரோமெடா கேலக்ஸி அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். வால்வெள்ளி இருக்காது. கிரகணம் நமக்காகக் காத்திருக்காது. 1761இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியில் இருந்து அளக்கக் கிளம்பிய பிரெஞ்சு வானியலர் லெ ஜென்டில், போரால் கரை இறங்க முடியாமல் கப்பல் தளத்திலேயே அதைப் பார்க்க நேர்ந்தது. அடுத்த நிகழ்வுக்காக எட்டு ஆண்டுகள் கிழக்கிலேயே தங்கினார். மணிலாவில் இருந்தவர், மறுபடி புதுச்சேரிக்கே வந்து ஆயத்தமானார். 1769 ஜூன் 4 காலையில் சரியான நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது. இன்று நமக்குச் செயற்கைக்கோள் படம் இருக்கிறது, அவருக்கு அதுவும் இல்லை. திரும்ப வராத நிகழ்வு என்றால் கீழே சொல்லும் கணக்குகள் எல்லாம் தலைகீழாகும். 30 சதவீத வாய்ப்புக்கும் கிளம்ப வேண்டியதுதான்.

ஏமாந்தால் என்ன போகும்? எரிபொருள், தங்கும் செலவு, ஒரு நாள் விடுப்பு ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவை மூன்று. தூக்கம் முதலாவது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்பாடு, இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் நிலைக்கு ஒப்பாகக் குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வானம் ஏமாற்றிய இரவில், "இங்கே இருந்து என்ன பயன்" என்று அதிகாலை இரண்டு மணிக்கு வண்டியை எடுப்பவர்கள்தான் அதிகம் என்பதால் இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல. இரண்டாவது, கருவிகளின் மேல் படியும் ஈரம். மூன்றாவது, வீட்டாரின் பொறுமை. அதுவும் வற்றக்கூடியது, அடுத்த முறை வானம் அருமையாக இருக்கும்போது கிளம்ப அது தேவைப்படும்.

## வழி 1: திட்டமிட்ட இடத்துக்கே துணிந்து கிளம்புவது

இதற்குச் சாதகமான மிகப் பெரிய வாதம் இருள்வானத்தின் பெறுமதி. வானத்தின் இருட்டை மதிப்பிட ஜான் போர்ட்டில் 2001இல் வகுத்த ஒன்பது படி அளவுகோலில் படிகள் ஒவ்வொன்றும் சாதாரணமாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். வானத்தின் வெளிச்சத்தை அளக்கும் அலகில் (எண் கூடக் கூட இருட்டு) நல்ல இருள்வானம் சதுர வில்விநாடிக்கு 21.5 மேக்னிட்யூடு, பிரகாசமான நகர்ப்புற வானம் 18.5 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் மூன்று மேக்னிட்யூடு. அதாவது நகர வானம் கிட்டத்தட்ட 16 மடங்கு வெளிச்சம். மங்கலான கேலக்ஸியை எடுக்கும்போது இரைச்சலின் பெரும்பகுதி வானத்தின் ஒளியிலிருந்தே வருவதால், அதே தரத்தை நகரத்தில் எட்ட ஏறக்குறைய 16 மடங்கு நேரம் எடுக்க வேண்டும். இருட்டில் கிடைக்கும் 2 மணி நேரம், நகரத்தில் 32 மணி நேரத்துக்குச் சமம்.

இதனால்தான் அரைகுறை இரவைக்கூட எளிதில் கைகழுவிவிட முடியாது. ஐந்து மணி நேரத் தெளிவு கிடைக்க 40 சதவீத வாய்ப்பு என்றால், சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது 2 மணி நேரம். நகர வானில் அதை ஈடுகட்ட எத்தனை இரவுகள் கண்விழிக்க வேண்டும் என்று பாருங்கள்.

ஆனால் இந்தக் கணக்கு கேலக்ஸி, ஒளியைத் திருப்பி அனுப்பும் நெபுலா, இருண்ட நெபுலா போன்ற எல்லா நிறத்திலும் ஒளி பரவியிருக்கும் பொருள்களுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். மெல்லிய உயர்மேகம் படர்ந்த இரவுக்கும் பொருந்தாது. 16 மடங்கு ஆதாயத்தை அது சத்தமில்லாமல் தின்றுவிடும்.

களத்தில் பழக்கமில்லாதவரைத் திடுக்கிட வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. நகரத்தில் மேகம் வருவது பளிச்சென்று தெரியும். கீழிருந்து வரும் வெளிச்சத்தில் அது ஆரஞ்சாகவோ வெள்ளையாகவோ மின்னும். நல்ல இருட்டில் கீழே வெளிச்சமே இல்லாததால் மேகம் வானத்தைவிடக் கறுப்பாக இருக்கும். முதலில் ஒரு நட்சத்திரம் காணாமல் போகும், பிறகு அதன் பக்கத்தில் இருப்பது. வானத்தில் ஒரு ஓட்டை ஊர்ந்து வருவதுபோல் இருக்கும். கேமராத் திரையைப் பார்த்தபடி நிற்பவருக்கு அது புரியவே பல நிமிடம் ஆகும். ஒரு நட்சத்திரத்தை வழிகாட்டியாக வைத்துத் தொலைநோக்கியின் நகர்வைத் திருத்தும் கைடிங் செய்பவர்களுக்கு, அந்த நட்சத்திரத்தின் சமிக்ஞை அளவு மெல்ல மெல்லச் சரிவதுதான் முதல் தகவல். இன்னொரு வழி, போய்ச் சேர்ந்ததும் கருவிகளைப் பிரிக்கும் முன்பே கேமராவை முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 6400, 10 விநாடி என்று உச்சியை நோக்கி ஒரு சோதனைப் படம் எடுத்துவிடுவது. கண்ணுக்குப் படாத மெல்லிய மேகமும் தூசுப் படலமும் அதில் அப்பட்டமாகத் தெரியும். பாதி இரவுகளில் மூட்டையைப் பிரிக்காமலே முடிவு தெரிந்துவிடும்.

துணிந்து போகிறவர் எடுக்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிட ஃப்ரேம்களுக்குப் பதிலாக 30 முதல் 60 விநாடி ஃப்ரேம்கள். மேகம் தொட்டதைத் தூக்கி எறிந்தாலும் நஷ்டம் குறைவு. தனித்தனி ஃபில்டர் மாற்றி எடுக்கும் கறுப்பு-வெள்ளைக் கேமராக்காரர், சிவப்பு முழுவதையும் முடித்துவிட்டுப் பச்சைக்குப் போகிறேன் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் வானம் மூடினால் கையில் சிவப்பு மட்டும் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் சில ஃப்ரேம் என்று சுழற்சியாக எடுப்பதே உத்தமம். மூடிய நேரத்தில், லென்ஸை மூடி எடுக்கும் டார்க் ஃப்ரேம்களை எடுத்து முடித்துவிடலாம், அதற்கு வானமே தேவையில்லை.

மறைந்திருக்கும் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். திறந்த வெளியில் உலோக முக்காலிக்குப் பக்கத்தில் இடி இடிக்கும்போது நிற்பதற்கு எந்தப் படமும் தகுதியானதல்ல. இடி காதில் விழுந்தால் வண்டிக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. முன்னறிவிப்பில் இடிமழைக் குறி இருந்தால் இந்த வழியை அப்போதே அடித்துவிடுங்கள்.

எப்போது இதுவே சிறந்தது: இடைவெளி விட்டுத் திறக்கும் வானம், 20 நிமிடத்தில் முடியும் படம், பழகிய இடம், அங்கேயே படுத்துத் தூங்க வசதி. இவற்றில் கடைசியானது இல்லையென்றால் மற்றவை இருந்தும் நான் தயங்குவேன்.

## வழி 2: மேகம் இல்லாத பக்கமாகத் திசை மாற்றுவது

கேட்க இதுதான் மிகப் புத்திசாலித்தனமான வழியாகத் தோன்றும். செயற்கைக்கோள் படத்தில் மேகத்தின் ஓரம் தெரிகிறது, அதைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதுமே! ஜப்பானின் ஹிமாவாரி, அமெரிக்காவின் புதிய கோயஸ் ஆகிய வானிலைச் செயற்கைக்கோள்கள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் முழு முகத்தையும் படமெடுக்கின்றன. கையில் இவ்வளவு இருக்கும்போது ஏன் போகக் கூடாது?

போகலாம், சில நிபந்தனைகளோடு. முதலில் மேகக் கூட்டத்தின் அளவைப் பாருங்கள். 100, 200 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு மேகப் பட்டையின் ஓரத்தைத் தாண்டலாம். ஆயிரம் கிலோமீட்டர் விரிந்த தாழ்வழுத்த மண்டலத்தைத் தாண்ட முடியாது. மலைத்தொடரின் எந்தப் பக்கம் காற்று மோதுகிறது என்பதும் முக்கியம். காற்று மோதும் பக்கம் மூடிக் கிடக்கையில், மறுபக்கத்தில் காற்று இறங்கிச் சூடாகி மேகம் கரைந்திருக்கும். தாழ்மேகம் என்றால் பக்கவாட்டில் ஓட்டுவதைவிட மேலே ஏறுவது மேல். லா பால்மா தீவில் 2,396 மீட்டர் உச்சியில் இருக்கும் வானாய்வுக் கூடமும், ஹவாயின் மௌனா கேயா சிகரமும் இப்படித்தான் மேகக் கடலுக்கு மேலே நிற்கின்றன. கீழே இருக்கும் ஊர்களின் வெளிச்சத்தையும் அந்த மேகமே மூடிவிடுவதால் வானம் இன்னும் இருட்டாகிறது. கீழே இருப்பவருக்குக் கெட்ட இரவு, மேலே இருப்பவருக்கு ஆண்டின் அருமையான இரவாக அமையலாம்.

இரவில் அகச்சிவப்புப் படத்தை நம்புவதில் ஒரு கண்ணி இருக்கிறது. அது வெப்பநிலையைக் காட்டும் படம். உயர்மேகம் குளிராக இருப்பதால் வெள்ளையாகத் தெரியும். மூடுபனியும் தரையை ஒட்டிய மேகமும் ஏறக்குறைய தரையின் வெப்பநிலையிலேயே இருப்பதால் படத்தில் தரையோடு தரையாகக் கலந்துவிடும். "தெளிவு" என்று தெரிந்த இடத்துக்குப் போய் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி. சில தளங்களில் மூடுபனியைப் பிரித்துக் காட்டும் தனி அடுக்கு உண்டு. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உண்மையான செலவு ஓட்டும் தூரத்தில் இல்லை, புது இடத்தில் இருக்கிறது. பகலில் பார்த்திராத நிலம். எங்கே பள்ளம், யாருடைய இடம், இரவில் நிற்க அனுமதி உண்டா, துருவத்தின் திசையை மரம் மறைக்கிறதா என்று எதுவும் தெரியாது. தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சுழற்றும் கனமான மவுன்ட்டோடு வருபவருக்கு, அதை நிறுவி, சமன் செய்து, துருவ நேர்ப்படுத்தி முடிக்க ஒரு மணி நேரம் போய்விடும். அதற்குள் மேகத்தின் ஓரம் இங்கேயும் வந்து சேரலாம். சின்ன ட்ராக்கரும் ஒரு லென்ஸுமாக வருபவருக்குத்தான் இந்த வேட்டை சரிப்படும்.

2024 ஏப்ரல் 8 முழு சூரிய கிரகணத்தின்போது இந்த வழியின் பலம் தெரிந்தது. பல ஆண்டுப் புள்ளிவிவரப்படி மெக்சிகோவும் டெக்சாஸும்தான் தெளிவான வானத்துக்கு உகந்தவை என்று எல்லாரும் அங்கே அறை போட்டிருந்தார்கள். அன்றைக்கு டெக்சாஸில் பல இடங்களில் மேகம். யாரும் எதிர்பார்க்காத வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தின் வடபகுதியில் வானம் தெளிந்திருந்தது. இடம் மாற்றிக்கொள்ள வசதி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

எப்போது இதுவே சிறந்தது: திரும்ப வராத நிகழ்வு, இலகுவான கருவி, வண்டி ஓட்ட இரண்டாவது ஆள், முன்பே பகலில் பார்த்து வைத்த மாற்று இடம்.

## வழி 3: நாளைத் தள்ளிப்போடுவது

தள்ளிப்போடுவது என்றால் பலரும் அடுத்த அமாவாசை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் சில நாள் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்கலாம். நிலா சராசரியாக நாளுக்கு 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. அமாவாசை முடிந்து நான்காம் நாள் நிலா முன்னிரவிலேயே மறைந்துவிடும்; அதன்பின் முழு இருட்டு. அரைநிலா நாளில்கூட வளர்பிறை என்றால் பின்னிரவு இருட்டாக இருக்கும், தேய்பிறை என்றால் முன்னிரவு. ஆக, எடுக்கப்போகும் பொருள் எந்தப் பாதியில் உயரே இருக்கும் என்று பார்த்தால் போதும். அமாவாசைக்கு இருபுறமும் ஒரு வாரம் வரை ஜன்னல் திறந்தே இருக்கிறது.

ஒரு மாதமே தள்ளுவதானால் வானம் நகரும் கணக்கு வேண்டும். நட்சத்திரங்கள் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன; ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்குள், 29.5 நாளில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இன்று நள்ளிரவுக்குப் பிறகு கிழக்கில் எழும் பொருளை எடுக்கத் திட்டமிட்டிருந்தால் தள்ளிப்போடுவது லாபம். அடுத்த மாதம் அது பத்து மணிக்கே எழுந்துவிடும், எடுக்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். இருட்டியதும் மேற்கில் சாய்ந்து நிற்கும் பொருள் என்றால் தள்ளிப்போட்டால் அடுத்த ஆண்டுதான். இந்த ஒரு விவரம் தெரிந்தாலே பலருடைய குழப்பம் தீர்ந்துவிடும்.

உயர் அட்சரேகைகளில் இருப்பவருக்கு மற்றொரு தடை. சூரியன் அடிவானத்துக்கு 18 பாகை கீழே போனால்தான் முழு இருட்டு. சுமார் 48.5 பாகை அட்சத்துக்கு அப்பால் கோடை உச்சியில் சில வாரங்களுக்கு அது நடப்பதே இல்லை. வசந்தத்தின் கடைசி அமாவாசையைத் தள்ளிப்போட்டவர் இலையுதிர் காலம் நெருங்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

மழைக்குப் பின் ஒரு நாள் தள்ளுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்கிற மாதிரி மேகம் இழுத்துக்கொண்டே போகும் நாள்களும் உண்டு. ஆனால் மழை காற்றிலிருந்த தூசைக் கழுவிவிடுவதால், அது முழுதாக விலகிய முதல் இரவில் வானம் கண்ணாடியாக இருக்கும். காற்று மட்டும் அலைபாயும். நீண்ட குவியத் தொலைநோக்கிக்காரர் நட்சத்திரங்கள் நடுங்குகின்றன என்று புலம்புவார். அகல லென்ஸ் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல இரவு கிடையாது. தரை ஈரமாகவே இருப்பதால் பனி கொட்டும். லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூடேற்றிப் பட்டையும் அதற்கான பேட்டரியும் இல்லாமல் அன்று போக வேண்டாம்.

எப்போது இதுவே சிறந்தது: மூன்று மாதிரிகளும் மூட்டம் என்று ஒத்துப்போகும்போது, பொருள் இன்னும் கிழக்கில் இருக்கும்போது, தங்கும் இடத்தைப் பணம் போகாமல் மாற்ற முடியும்போது.

## வழி 4: வீட்டிலேயே எடுப்பது

இதைத் தோற்றவர்களின் வழி என்று நினைப்பது சரியல்ல. ஒளியை உமிழும் நெபுலாக்கள் குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டுமே ஒளிர்கின்றன. ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், ஆக்சிஜன்-3 500.7 நானோமீட்டர். சில நானோமீட்டர் அகலம் மட்டுமே கடத்தும் குறும்பட்டை ஃபில்டர் போட்டால் நகர வெளிச்சத்தின் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும். ரோசெட் நெபுலா, வெய்ல் (Veil) நெபுலா போன்றவற்றை மொட்டைமாடியிலிருந்து எடுத்த படங்கள் இருள்வானப் படங்களோடு போட்டியிடும். ஹைட்ரஜனுக்கு நிலாவெளிச்சம்கூடப் பெரிய தடையில்லை.

கேலக்ஸிக்கும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றிய நீல நெபுலாவுக்கும் இந்த வித்தை பலிக்காது. அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருப்பதால் ஃபில்டர் வெளிச்சத்தோடு சேர்த்துப் பொருளையும் வெட்டிவிடும். பால்வீதி நிலக்காட்சிப் படத்தை நகரத்திலிருந்து எடுக்க முடியாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

செலவு ஃபில்டரில், நல்லது விலை குறைவாகக் கிடைப்பதில்லை. வீட்டு வானமும் அன்று மூடியிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் இங்கே பின்வாங்க ஆகும் செலவு பத்து நிமிடம், பிறகு தூக்கம்.

எப்போது இதுவே சிறந்தது: பொருள் உமிழ் நெபுலாவாக இருக்கும்போது, மறுநாள் வேலை இருக்கும்போது, முன்னறிவிப்பு மூன்றாம் வகை 50 சதவீதமாக இருக்கும்போது.

## ஒரே பார்வையில்

| | துணிந்து கிளம்புதல் | திசை மாற்றுதல் | தள்ளிப்போடுதல் | வீட்டிலேயே |
|---|---|---|---|---|
| ஒற்றைப் பால்வீதிப் படம் | நல்லது, 20 நிமிடம் போதும் | நல்லது | நல்லது | இயலாது |
| நட்சத்திரத் தடம் | திட்டு மேகமென்றால் வீண் | ஓரளவு | மிக நல்லது | சுமார் |
| கேலக்ஸி | கிடைத்தவரை லாபம் | கருவி இலகுவானால் | கிழக்கில் இருந்தால் நல்லது | பல மடங்கு நேரம் |
| உமிழ் நெபுலா | தேவையில்லை | தேவையில்லை | சரி | மிக நல்லது |
| கிரகணம், வால்வெள்ளி | போக வேண்டும் | முதல் தேர்வு | பொருந்தாது | பெரும்பாலும் போதாது |
| மறைந்த செலவு | தூக்கம், ஈரம், இடி | தெரியாத இடம், நேரம் | அடுத்த மாத வானிலையும் நிச்சயமில்லை | ஃபில்டர் விலை |

## எப்போது முடிவெடுப்பது

ஐந்து நாள் முன்பு பார்க்கும் மேகப் படத்துக்கு உணர்ச்சிவசப்படுவதில் அர்த்தமில்லை. பெரிய தாழ்வழுத்தம் வருகிறதா என்பதை மட்டும் அதில் பார்க்கலாம். மூன்று நாள் முன்பு மாதிரிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றனவா என்று கவனியுங்கள். ஜிஎஃப்எஸ் நாளுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் தெளிவு நேரம் முன்னும் பின்னும் குதித்தால் இன்னும் எதுவும் உறுதியாகவில்லை என்று பொருள். தங்குமிடத்தை ரத்துசெய்யும் கெடு எப்போது முடிகிறதோ அதுதான் முதல் உண்மையான முடிவு நேரம். கிளம்பும் நாளின் பிற்பகல்தான் இரண்டாவது முடிவு நேரம். அப்போது மாதிரிகளை மூடிவைத்துவிட்டு, செயற்கைக்கோள் படங்களைக் கடந்த மூன்று மணி நேரத்துக்கு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மேகம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது, கரைகிறதா வளர்கிறதா என்பதை அது நேரடியாகச் சொல்லும்.

கெடுவுக்கு முன்பே நிபந்தனையை எழுதி வைத்துவிடுவது என் சிபாரிசு. "மூன்றில் இரண்டு மாதிரிகள், நிலா இல்லாத நேரத்தில் 2 மணி நேரத் தெளிவு காட்டினால் கிளம்புவேன், இடிமழைக் குறி இருந்தால் கிளம்பமாட்டேன்" என்கிற மாதிரி. படத்துக்கு ஏற்ப எண்ணை மாற்றிக்கொள்ளலாம். எழுதி வைக்காதவர், ஆசைக்குச் சாதகமான ஐந்தாவது செயலி கிடைக்கும்வரை தேடிக்கொண்டேயிருப்பார்.

குழுவாகப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். நிலக்காட்சிக்காரருக்கு 20 நிமிடம் போதும், உடன் வரும் ஆழ்வானக்காரருக்கு மூன்று மணி நேரம் வேண்டும். ஒரே முன்னறிவிப்பு இருவருக்கும் இரு வேறு பதில். ஒரே வண்டியில் ஏறும் முன் யாருக்கு எவ்வளவு போதும் என்று பேசிக்கொள்ளுங்கள். வானம் மூடினால் எத்தனை மணி வரை காத்திருப்பது, திரும்பி ஓட்டுவது யார், அவர் எப்போது தூங்குவார் என்பதும் அதே பேச்சில் முடிவாகிவிட வேண்டும்.